முச்சந்தியில் ஒரு முகம்

அத்தியாயம் 11

"பெரிய ஓவியன் யாரையும் தேடிப் போகமாட்டான். சூரியன் உதிக்கிறதுக்கு நோட்டீஸா அடிச்சு ஒட்டுது? அவன் இருக்கிற இடத்துல இருப்பான். உலகம் அவனைத் தேடிக்கிட்டு வாசலுக்கு வரும்."

செகோண்டி நகரத்தின் நிகரற்ற ஓவியன் எபோ ஆர்க்கோஃபுல் இதைச் சொன்னது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சொன்னபோது அவன் முற்றத்தில் குந்தியிருந்து, அம்மா விற்கும் கெங்கே என்ற சோளமாவு உருண்டைகளைச் சுற்றச் சோளமடல் பிரித்துக்கொண்டிருந்தான்.

அம்மா எகுவா மாவைப் பிசைந்தபடியே கேட்டாள். "வரட்டும். வர்ற உலகம் நாளைக்குள்ள வந்துடுமா? நாளைக்கு உன் மாமா வர்றார்."

எபோ மடலை மட்டும் கொஞ்சம் வேகமாகப் பிரித்தான்.

விஷயம் அதுதான். குமாசியில் ஓவியம் படித்து முடித்து வந்த எபோ, மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தும், ஒரு படம்கூட விற்கவில்லை. போன வாரம் தேமாவிலிருந்து க்வேசி மாமா ஃபோனில் தீர்ப்பு சொல்லிவிட்டார். சிமென்ட் கிடங்கு ஒன்றில் மூட்டை வரவு பார்க்கும் வேலை அவனுக்குத் தயாராக இருக்கிறது. சனிக்கிழமை வருவார். அதற்குள் ஒரே ஒரு மனிதன் காசு கொடுத்து எபோவிடம் படம் கேட்டிருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார். இல்லாவிட்டால் எபோவும் அவன் பெட்டியும் அவரோடு பஸ் ஏற வேண்டும்.

தாய்மாமன் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. அப்பாக்கள் வருவார்கள், போவார்கள், மாமாதான் நிற்பவர்.

அம்மா மாவை எடுத்துக்கொண்டு பின்கட்டு அடுப்புக்குப் போனதும், "உலகத்துக்கு வழி தெரியணுமில்ல?" என்றபடி உள்ளே வந்தாள் அக்கா அராபா. கையில் வெள்ளை பெயின்ட். நெற்றியிலும் வெள்ளை பெயின்ட். முச்சந்தியில் தையல்கடை வைத்திருப்பவள். பெயின்டுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை.

"என்ன பண்ணிட்டு வர்றே?" எபோ அந்த நெற்றியைப் பார்த்துக் கேட்டான்.

"உன் மூஞ்சியைச் சந்தியில மாட்டிட்டு வர்றேன்."

கட்டிலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்த அவனுடைய பரீட்சைப் படம் காணவில்லை. ஆள் உயர பிளைவுட் பலகையில் தன்னைத் தானே வரைந்த படம். கன்னங்கரேலென்ற பின்னணி. தோளில் சிவப்புத் துணி. உதட்டில் லேசான சிரிப்பு. அதற்கு அவன் வைத்திருந்த பெயர் 'காத்திருப்பவன்'.

"அது விளம்பரப் பலகை இல்லைக்கா! அது என்னோட ஆத்மா!"

"ஆத்மாவுக்கு ஆணி நாலு ஆச்சு. என் கடைக்கு நேர் எதிர் கம்பத்துல அடிச்சிருக்கேன். கீழே உன் பேர், வயசு இருபத்துநாலு. அதுக்குக் கீழே, 'கடைப் பலகை, சுவர், மனித முகம், எதுவும் வரைவார்'. அதுக்கும் கீழே உன் ஃபோன் நம்பர்."

"ஃபோன் நம்பரா!"

எபோ எழுந்தே விட்டான். மடல்கள் சிதறின. இந்த உலகத்தில் அவன் மனதார வெறுத்தது ஒன்று உண்டென்றால், அது படத்தின் மூலையில் ஃபோன் நம்பர் எழுதும் பழக்கம். ஊரில் வண்டிக்கு எழுதுகிறவன், சலூன் பலகை எழுதுகிறவன், சுவரில் சிங்கம் போடுகிறவன் எல்லாருமே அப்படித்தான். சிங்கத்தின் வால் நுனியில் நம்பர். தேவதையின் செருப்புக்கடியில் நம்பர்.

"நம்பர் எழுதற இடம் கக்கூஸ் கதவு! படத்துல எழுதறவன் ஓவியன் இல்லை, அவன் புரோக்கர். நான் செத்தாலும் என் படத்துல நம்பர் இருக்காது!"

"சாகறதுக்கு முன்னாடி சாப்பிடு," என்று மீன் தட்டை நகர்த்தினாள் அராபா. அவள் கத்தவில்லை. கடையை அரை நாள் மூடிவிட்டு, ஒரு கவுன் ஆர்டரைத் தள்ளிப்போட்டுவிட்டு, ஏணி கடன் வாங்கி ஏறியவள் அவள். அவளுக்குக் கத்தச் சக்தி இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் எபோ ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்திக்குப் போனான். சட்டைக்குள் கறுப்பு பெயின்ட் டின்னும் தூரிகையும் போயின. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவதுதான் திட்டம்.

ஆனால் கம்பத்தின் கீழ் நின்று நிமிர்ந்து பார்த்ததும் கால் நகரவில்லை.

நன்றாக இருந்தது. கட்டிலுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த முகமா இது? காலை வெளிச்சம் பட்டதும் கண்கள் நனைந்தாற்போல மின்னின. முதல் ட்ரோட்ரோ மினிபஸ்ஸின் டிரைவர் பிரேக்கை மிதித்து, பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு போனார். பயபக்தி என்று எபோ எடுத்துக்கொண்டான்.

கழற்ற மனம் வரவில்லை. ஆகவே நியாயமான ஒரு சமரசம் செய்தான். கையை உயர்த்தி, 'எதுவும் வரைவார்' என்ற வரிமேல் கறுப்பை இழுத்தான். ஃபோன் நம்பர்மேல் இரண்டு முறை இழுத்தான். பெயரை விட்டுவைத்தான், பெயர் தெரிய வேண்டியதுதான். வயதையும் விட்டுவைத்தான். இந்தச் சின்ன வயதில் இப்படி ஒரு படமா என்று உலகம் வியக்கட்டும்.

பிறகு ரொட்டி வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி வீட்டுக்கு வந்தான்.

செகோண்டியில் சனிக்கிழமை என்றால், பாதி ஊர் துக்கவீட்டுக்குப் போகக் கறுப்பு உடுத்தியிருக்கும். மீதி ஊர் கறுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும். அந்த ஊர் முச்சந்தியில் ஒருவனுடைய முகம் பெரிதாகத் தொங்கினால், அவன் ஒன்று தேர்தலில் நிற்கிறான், அல்லது இனி எதிலும் நிற்கமாட்டான்.

எபோ எந்தக் கட்சியிலும் இல்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது உலகம் வாசலுக்கு வந்தது.

முதலில் இரண்டு பெண்கள். துறைமுகத்தில் மீன் புகைபோடும் மான்ஸாவும், அவள் பின்னாலேயே எப்போதும் வரும் மெலிந்த தோழியும். இருவரும் கறுப்புத் துணியில், தலையில் சிவப்புக் கட்டு. இன்று எங்கோ துக்கத்துக்குப் போகிறார்கள், போகிற வழியில் நம்மைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எபோ கணக்குப் போட்டான். அம்மா பின்கட்டில் அடுப்போடு இருந்தாள். வீட்டுக்காரன் முறையில் அவனே பெஞ்சை இழுத்துப் போட்டான், பாக்கெட் தண்ணீரின் மூலையைக் கடித்துக் கொடுத்தான். தண்ணீர் குடித்து முடிக்கும்வரை வந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். கேட்காமல் சேதி சொல்லவும் மாட்டார்கள்.

"எங்க வீட்ல எல்லாம் அமைதி. வந்த சேதி என்னக்கா?" என்றான்.

"எங்க பக்கமும் அமைதிதான் தம்பி," என்றாள் மான்ஸா. குரல் கம்மியிருந்தது. "சந்தியில அந்தப் படத்தைப் பார்த்தோம்."

எபோ தலையைத் தாழ்த்தினான். அடக்கம். "ஓ."

"பார்த்ததும் நெஞ்சு அடைச்சுப்போச்சு."

"பல பேர் அப்படித்தான் சொல்றாங்க."

"இந்தச் சின்ன வயசுல!"

"ஆமாக்கா. அதுக்காகத்தான் வயசைப் போட்டிருக்கு."

"ரொம்பக் கஷ்டப்பட்டுதா?"

"நாலு வருஷம். குமாசியில."

"ஐயோ, நாலு வருஷமா!" தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். "படுக்கையிலயேவா?"

"இல்லைக்கா, நின்னுக்கிட்டேதான். படுத்துக்கிட்டுச் செய்யற வேலையா இது?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மான்ஸா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பார்த்தவள் கண் நிறைந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரட்டைப் பிள்ளைங்களா நீங்க? உரிச்சு வெச்சிருக்கே! போனது பெரியவனா, சின்னவனா?"

"எங்கே போனது?" என்றான் எபோ.

சத்தம் கேட்டு அம்மா துடுப்போடு வெளியே வந்தாள். கறுப்பைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள், அழுகையைப் பார்த்தாள். துடுப்பு கீழே விழுந்தது.

"யாரு? யாரு போனது? எங்க அண்ணனா? பஸ்ஸுல வர்றேன்னாரே!"

"மனசைத் தேத்திக்க எகுவாக்கா. உன் மகன் எபோ..."

"எபோவா?" அம்மா திரும்பினாள். "அவன்தான் உங்களுக்குத் தண்ணி குடுத்துட்டு நிக்கறான்!"

மெலிந்த தோழி கையிலிருந்த தண்ணீர் பாக்கெட்டைத் தூரமாக எறிந்தாள்.

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் ஒரு கூட்டம் வந்துவிட்டது. அதற்கும் விளக்குவதற்குள் வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. பந்தல்காரர் டான்குவா இறங்கி, யாரையும் கேட்காமல் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கத் தொடங்கினார்.

"நாங்க சொல்லவே இல்லையே," என்றாள் அம்மா.

"துக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தோணாதும்மா. நான் சந்தியில பார்த்ததும் கிளம்பிட்டேன். போன வாரம் ஒருத்தன் என்னை முந்திட்டான்."

"யாரும் சாகலை!"

டான்குவா இறக்கிய நாற்காலிகளைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "சரி, இறக்கியாச்சு. உட்காருங்க," என்று முதல் ஆளாக அவரே உட்கார்ந்தார்.

அராபா சந்தியிலிருந்து ஓடி வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. கடையைத் திறக்கும்போதே மூன்று பேர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம்.

அம்மா அவள்மேல் பாய்ந்தாள். "உன் தம்பியை உயிரோட கொன்னுட்டியேடி! படம் போட்டே, பேர் போட்டே, வயசு போட்டே. ஒரு நம்பர் போட்டிருந்தா விளம்பரம்னு தெரிஞ்சிருக்குமில்ல?"

"போட்டேம்மா! இந்தக் கையாலதான் போட்டேன்!"

"பலகையில நம்பரே இல்லையேம்மா," என்றாள் மான்ஸா. "இருந்திருந்தா நாங்க ஏன் இங்கே வர்றோம்?"

"எழுதினேன்கிறேன்ல!"

"அப்போ அந்த நம்பர் எங்கே போச்சு?" என்றாள் அம்மா. "கோழி கொத்திட்டுப் போயிடுச்சா?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அராபாவின் முகம் சிறுத்துப்போனது. "எழுதினேன்," என்று இன்னொரு தரம், யாரிடமும் இல்லாமல், சொன்னாள்.

எபோ அந்த நேரத்தில் தகரக் கூரையின் விளிம்பில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஓவியனுக்கு அது முக்கியம்.

க்வேசி மாமா வந்துசேர்ந்தது அப்போதுதான்.

நடந்து வரவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். பஸ் அவரை முச்சந்தியில் இறக்கிவிட்டிருந்தது. இறங்கினார், நிமிர்ந்தார், பலகையைப் பார்த்தார், அப்படியே பலகையின் அடியில் கை ஊன்றிச் சரிந்துவிட்டார். சாயங்காலம் பக்கத்து ஊர் ஷாமாவில் ஒரு துக்கம் இருந்ததால் கறுப்பு உடுத்தியே கிளம்பியிருந்தார். அதைப் பார்த்தவர்களுக்குச் சாவு இன்னும் உறுதியாகிவிட்டது.

"என் பிள்ளை! சிமென்ட் வேலைன்னு சொன்னேனே, அந்த ஏக்கத்துலயே போயிட்டானே! நான் கொன்னுட்டேனே!"

"மாமா," என்றான் எபோ.

மாமா நிமிர்ந்து பார்த்தார்.  அவர் மெதுவாக எழுந்து வந்து, ஒரு கையில் தன் கறுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு, மறு கையால் அவன் முகத்தைப் பிடித்தார், தோளைப் பிடித்தார், காதைப் பிடித்துத் திருகினார். உயிருள்ள காதுதான், எபோ கத்தினான். உடனே முதுகில் ஒரு அறை விழுந்தது. அதற்கடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அணைத்தவர் வெகுநேரம் விடவில்லை.

விட்டபோது அவர் பழைய மாமாவாகியிருந்தார்.

"சரி. பெட்டி எங்கே?"

"மாமா..."

"ஒருத்தன் காசு குடுத்தானா? சொல்லு. உயிரோட இருந்தப்பவும் யாரும் வாங்கலை. செத்தும் பார்த்துட்டே, இவ்வளவு ஜனம் வந்திருக்கு, அப்பவும் வாங்கலை. இனி வேற என்ன வழி இருக்கு உனக்கு? எடு பெட்டியை."

எபோ கூட்டத்தைப் பார்த்தான். உலகம் அவனைத் தேடி வாசலுக்கு வந்திருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அம்மா சூடாகக் கொண்டுவந்த கெங்கேயைப் பொரித்த மீனோடு வாங்கித் தின்றுகொண்டிருந்தது. ஆனால் உலகத்தின் கையில் இருந்தது மீன் மட்டும்தான்.

அவன் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தான். பெட்டி கனமாக இல்லை. படங்கள் அதற்குள் போகாது; சட்டைகள்தான் போகும்.

வாசலுக்கு வந்தபோது கடைசி நாற்காலியிலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது.

"பையனுக்கு வெச்ச வரவேற்பு முடிஞ்சுதுன்னா, நான் வந்த சேதியைச் சொல்லலாமா? இன்னும் யாரும் என்னைக் கேக்கலை."

எல்லாரும் திரும்பினார்கள். பெரியவர் பைடூ. துறைமுகத்தில் நிற்கும் பெரிய படகுகளில் பாதி அவருடையவை என்று சொல்வார்கள். மீதியும் தன்னுடையவை என்று அவர் சொல்வார். இதுவரை ஒரு வார்த்தை பேசாமல் தன் பங்கு மீனைத் தின்று, முள்ளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்.

அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவர் நிதானமாகக் குடித்தார். மாமா முறைப்படி கேட்டார். "வந்த சேதி என்னங்கய்யா?"

"சந்தியில அந்தப் படத்தைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி முன்னால நின்னு பார்த்தேன், பின்னால போய்ப் பார்த்தேன். எங்கே போனாலும் அந்தக் கண்ணு என்னையே பார்க்குது. சரி, இதை வரைஞ்சவன் யாருன்னு கீழே பார்த்தா, நம்பர் இல்லை. ஊர்ல ஒருத்தனும் நம்பர் போடாம வரையமாட்டானே! அப்போ குடும்பத்துலதான் விசாரிக்கணும், துக்கம் கேட்ட மாதிரியும் ஆச்சுன்னு வந்தேன்."

"விசாரிச்சு?" என்றார் மாமா.

"எனக்கும் அப்படி ஒண்ணு வேணும்."

"உங்களுக்கு எதுக்குங்கய்யா? நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லா இருக்கும்போதுதானே வரையணும்!" பைடூ நாற்காலியை முன்னால் இழுத்தார். "எங்க அண்ணன் போனப்போ என்ன பண்ணினாங்க தெரியுமா? ஓட்டர் கார்டுல இருந்த போட்டோவைப் பெருசாக்கி ஊர் பூரா ஒட்டிட்டாங்க. அவன் பாதிக் கண்ணை மூடிட்டு இருக்கான். நாப்பது படகு ஓட்டினவன், கடைசியில தூங்குமூஞ்சின்னு பேர் வாங்கிட்டுப் போனான். என் குடும்பத்தை எனக்குத் தெரியும். என் படத்தை அவங்க கையில விடமாட்டேன். நானே பார்த்து, சரி சொல்லி, பூட்டி வெச்சுட்டுப் போவேன்."

கூட்டம் ஆமோதித்து முனகியது. எல்லார் குடும்பத்திலும் ஒரு ஓட்டர் கார்டு போட்டோ இருந்தது.

"யாரு வரைஞ்சது?"

எபோ பெட்டியைக் கீழே வைத்தான். "நான்தான், ஐயா."

"செத்தவனேவா! ரொம்ப நல்லது. உனக்குத்தான் அனுபவம் இருக்கு. நெஞ்சு வரைக்கும் போடு. தோள்ல என் நல்ல துணி. பின்னால என் படகு, அதுக்குப் பின்னால கடல். ஆனா கடல் என்னைவிடப் பெருசாத் தெரியக் கூடாது."

எபோ மூச்சை இழுத்தான். கலைஞன் தன் உள்மனம் காண்பதைத்தான் வரைவான், கடலின் அளவைக் கடல்தான் தீர்மானிக்கும் என்று ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. மாமா பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலைச் சின்னதாப் போட்டுடலாம், ஐயா," என்றான்.

பைடூ மடியிலிருந்து முன்பணத்தை எடுத்து, அவனிடம் கொடுக்காமல், முறைப்படி மாமாவின் கையில் வைத்தார். மாமா அதைப் பார்த்தார். எபோவைப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"சொன்னது சொன்னதுதான்," என்றார். "எகுவா, உன் பையன் பெட்டியை உள்ளே வை."

அம்மா பாட ஆரம்பித்துவிட்டாள். மாதா கோயிலில் பாடுகிற பாட்டு. ஆனால் ஆடிக்கொண்டே பாடினாள். மான்ஸா தனக்கும் ஒரு படம் வேண்டும் என்றாள், இப்போது இருக்கிற மாதிரி அல்ல, கல்யாணத்தன்று இருந்த மாதிரி. கல்யாணத்தன்று அவள் எப்படி இருந்தாள் என்று தனக்குத் தெரியும் என்று தோழி ஆரம்பித்தாள். மான்ஸா அவள் வாயில் மீனைத் திணித்தாள். டான்குவா, லாரிக் கதவில் ஒரு கழுகு போட்டால் நாற்காலி வாடகையைக் கழித்துக்கொள்ளலாம் என்றார்.

கூட்டம் கலகலத்துக்கொண்டிருந்தபோது மாமா எபோவின் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சும்மா கேக்கறேன். என் முகத்துக்கு எவ்வளவு நாள் ஆகும்? இடது பக்கம்தான் எனக்கு எடுப்பா இருக்கும்னு உன் அத்தை சொல்லுவா." சொல்லிக்கொண்டே இடது கன்னத்தைத் தடவினார்.

கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"என்ன மாமா கையில?" அராபா அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு பெயின்ட்.

"அந்தப் பலகைமேல கை ஊன்றினேன்ல. பேருக்குக் கீழே. ஈரமா இருந்தது போல."

அராபா அந்தக் கையையே பார்த்தாள். அவள் வெள்ளையில்தான் எழுதினாள். அவளிடம் கறுப்பு பெயின்டே கிடையாது. அவள் கண் மெதுவாக நகர்ந்து, எபோவின் சட்டையில் வந்து நின்றது. பொத்தானுக்குக் கீழே, டின் இருந்த இடத்தில், வட்டமாக ஒரு கறுப்புத் தடம்.

எபோ கூரை விளிம்பைத் தேடினான். இந்தத் தடவை அங்கே பார்க்க எதுவும் இல்லை.

ஒரு வார்த்தை போதும். நம்பரை இவனேதான் அழிச்சான் மாமா, இவனை நீங்களே கூட்டிட்டுப் போங்க என்று அவள் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து வாங்கிய வசவுக்கு அது நியாயமான கூலி. மாமாவும் அதைக் கேட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடக்கூடிய ஆள்.

"மண்ணெண்ணெய் போட்டுத் துடைங்க மாமா. சோப்புக்குப் போகாது," என்றாள் அராபா. "நான் கடைக்குப் போறேன். ஒரு கவுன் பாக்கி இருக்கு."

வாசல் வரை போனவளிடம் அம்மா, "இனிமேலாவது எழுதினா ஒழுங்கா எழுது," என்றாள் சிரித்தபடி.

"சரிம்மா," என்றாள் அராபா.

அந்தச் 'சரிம்மா' மாமாவின் அறையைவிட ஆழமாக விழுந்தது. எபோ அவள் பின்னால் ரெண்டு எட்டு வைத்தான். அதற்குள் டான்குவா கழுகின் சிறகு விரிந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார்.

அன்று அம்மாவிடம் ஒரு கெங்கேகூட மிஞ்சவில்லை. மாமா, கன்னத்தில் லேசாக மிச்சமிருந்த கறுப்போடு, ஷாமா துக்கத்துக்குக் கிளம்பிப் போனார். அங்கே அதைச் சோகத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்வார்கள். நாற்காலிகள் லாரி ஏறின.

கடைசி நாற்காலியைத் தூக்கும்போது டான்குவா சொன்னார்: "ஆமா, அந்தக் கார்ல வந்த பொண்ணு யாருப்பா? வீட்டுக்கு வந்தாளா?"

"எந்தப் பொண்ணு?"

"காலையில நான் சந்தியில வண்டியைத் திருப்பறப்போ பார்த்தேன். குமாசி நம்பர் வண்டி. இறங்கி உன் பலகை முன்னாடி நின்னு, அப்படி ஒரு அழுகை. சத்தமே இல்லை. வழி சொல்லவான்னு கேட்டேன், தலையை ஆட்டிட்டு வண்டியில ஏறிப் போயிட்டா."

"எப்படி இருந்தா?"

"நெட்டையா. கண்ணாடி போட்டிருந்தா. ஒரு காதுல மட்டும்தான் தோடு இருந்தது. அழுததுல இன்னொண்ணு விழுந்துடுச்சோ என்னமோன்னு தரையில தேடிக்கூடப் பார்த்தேன்."

எபோவுக்குத் தெரியும். இன்னொரு தோடு தரையில் இல்லை. அது குமாசியிலிருந்து வந்த நாள் முதல் அவனுடைய பெயின்ட் பெட்டியின் அடியில், பழைய பஞ்சுக்குள் இருக்கிறது.

வெயில் சாயும் நேரத்தில் அவன் சந்திக்கு வந்தான். அராபாவின் கடைக்குள் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே போகவில்லை. வாசலில் சாத்தியிருந்த ஏணியை, அக்கா நேற்று ஏறிய அதே ஏணியை, சத்தமில்லாமல் எடுத்துக் கம்பத்தில் சாய்த்தான்.

வெள்ளை பெயின்ட் டின்னைத் திறந்தான். பெயருக்கும் வயதுக்கும் கீழே, காய்ந்துபோன கறுப்பின்மேல், முதலில் 'உயிரோடு இருக்கிறார்' என்று எழுதினான். அதற்குக் கீழே, 'கடைப் பலகை, சுவர், லாரி, மனித முகம், எதுவும் வரைவார்'. அக்காவின் பட்டியலில் லாரி இல்லை. அதை அவனாகச் சேர்த்தான்.

அதற்குக் கீழே ஃபோன் நம்பர்.

மிஷின் சத்தம் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது.

கீழே இறங்கினான். குமாசி சாலை பக்கம் நடந்து போய், வண்டியில் வருகிறவன் பார்க்கிற தூரத்தில் நின்று பார்த்தான். முகம் தெரிந்தது. பெயர் தெரிந்தது. நம்பர் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

திரும்பி வந்து ஏணியில் ஏறி, அகலத் தூரிகையை எடுத்து, ஒவ்வொரு எண்ணையும் தடிமனாக்கத் தொடங்கினான்.